கல்லெழுத்தும் சில்லொலியும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலம் முதல் விசயநகரக் காலம் வரையிலான கல்வெட்டுகள் பல உள்ளன. நந்தா விளக்கெரிக்க அளித்த கால்நடைகள், நிலக்கொடைகள் போன்ற செய்திகளே கோயிற் கல்வெட்டுகளில் மிகுதி. பொறித்தவர்க்கு அவை அன்றாடக் கணக்கு. இன்றைய ஆய்வாளர்க்கோ அவை வரலாறு. ஒரு காலம் எளிதெனக் கருதியதைப் பிற்காலம் அரிதெனப் போற்றும்.

மின்னணுக் காலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். 1980ஆம் ஆண்டையொட்டி, காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகள் உலகின் பல நகரங்களில் பரவின. அவற்றின் நினைவகம் மிகச் சிறியது. இசையைப் பதிந்துவைக்க அதில் இடமில்லை. ஆதலின், ஒலியை அவ்வப்போது தோற்றுவிக்கும் தனிச் சில்லுகள் தேவைப்பட்டன. அடாரி நிறுவனம் தனக்கென வடிவமைத்த ‘போக்கி’ என்னும் சில்லு, ஒரே நேரத்தில் 4 ஒலிகளை எழுப்பவல்லது. ‘மிசைல் கமாண்ட்’ (1980), ‘சென்டிபீட்’ (1981) ஆகிய விளையாட்டுகளின் ஒலி அச்சில்லில் பிறந்தது.

இத்தகைய பழஞ்சில்லுகளின் உற்பத்தி நின்றுவிட்டது. பழுதானால் மாற்றுக் கிடைப்பது அரிது. விளையாட்டுப் பொருளைக் காப்பது வீண்வேலை என்பர் சிலர். விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கே அவர்களுக்கு விடை. ஒலியைப் பதிவுசெய்தால் போதாதா என்பர் வேறு சிலர். பதிவில் கிடைப்பது ஒருமுறை ஆடிய ஆட்டத்தின் ஒலி மட்டுமே. ஆடுபவரின் செயலுக்கேற்ப ஒலி மாறுவதால், காக்க வேண்டியது சில்லின் செயல்முறையாகும். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய ‘மேம்’ மென்பொருள், பழம்பொறிகளின் செயலை இன்றைய கணினியில் நிகழ்த்திக் காட்டுகிறது.

செயல்முறை விளங்காத சில்லின் மேலுறையை அமிலத்தால் நீக்கி, உள்ளமைப்பை நுண்ணோக்கிவழிப் படமெடுப்பதும் உண்டு. இது கல்வெட்டை மைப்படி எடுப்பதற்கு ஒப்பானது. ஆனால், மைப்படியால் கல் அழிவதில்லை. உறை நீங்கிய சில்லோ பெரும்பாலும் மீள்வதில்லை. எனவே, ஒன்றுக்கு மேற்பட்டவை எஞ்சியிருக்கும்போதே இப்பணி நடைபெற வேண்டும். நிறுவனங்கள் தம் பழைய வரைபடங்களை வெளியிட்டால் அவ்விழப்பும் நேராது.

இக்கடமை அயல்நாட்டுப் பொறிகளோடு முடிவதன்று. நம் இசைமேடைகளில் ஒலித்த தொடக்கக்கால மின்னணுச் சுருதிப்பெட்டிகள், கைப்பேசிச் செயலிகளுக்கு இடம் விட்டு விலகிவருகின்றன. அவற்றின் உள்ளமைப்பை ஆவணப்படுத்துதல், பொறியியல் கல்லூரிகளும் இசைக் கல்லூரிகளும் இணைந்து ஆற்றத்தக்க பணி. கல்லில் பொறித்ததைப் படியெடுத்துக் காத்த நாடு, சில்லில் பொறித்ததையும் காத்தல் வேண்டும்.