ஓசியில கிடைச்சா நம்மளுது ஆயிடுமா?

முதல்ல ஒரு விளக்கம். எங்க ஊர் அத்திப்பட்டு. 'சிட்டிசன்' படத்துல (2001) மேப்புல இருந்தே காணாமப் போகுமே, அது அத்திப்பட்டி. எங்க ஊர் மேப்புல பத்திரமா இருக்கு. வடசென்னை அனல்மின் நிலையத்தை வச்சுகிட்டு ஊரைக் காணாம அடிக்க முடியுமா என்ன? :-) சாம்பல் குழாய் உடைஞ்சு கொசஸ்தலை ஆத்துல கலக்கறதெல்லாம் பேப்பர்ல படிச்சுப் படிச்சு அலுத்துப்போன செய்தி. அதனால தண்ணியைப் பத்திப் பேசாத வீடு இங்க கிடையாது.

அந்தத் தண்ணிதான் இப்ப விஷயமே. கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன், ஒரு கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கப் போனான். தண்ணீர் சோதனையில வந்த எண்களை உள்ளே கொடுத்தா, குடிக்கலாமா கூடாதான்னு சொல்லும் சின்ன நிரல். இவன் என்ன பண்ணினான்னா, குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 ஆவணத்தோட பிடிஎஃபை அப்படியே தூக்கி உள்ளே போட்டு, அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் வரிக்கு வரி ஒட்டி அனுப்பிட்டான். திட்டத்தைப் பராமரிக்கிறவர் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிட்டார்: "இந்த ஆவணத்துக்கு என்ன உரிமம்?"

பையனுக்கு வந்ததே கோபம். "இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட தளத்துல பேரைப் பதிஞ்சா இலவசமா இறக்கிக்கலாம்டா, இதுக்குப் போய் உரிமமா"ன்னு என்கிட்ட வந்து குதிச்சான்.

அங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் வழுக்கி விழறாங்க. இலவசம் வேற, கட்டற்றது வேற. கோயில் பிரசாதம் இலவசம்தான். அதுக்காக மடப்பள்ளிச் சாவியையும் சேர்த்தா தருவாங்க? 2016ஆம் வருஷத்து தர நிர்ணய அமைவனச் சட்டம், பிரிவு 11ஐப் படிச்சுப் பாருங்க. அமைவனத்தோட அனுமதி இல்லாம யாரும் எந்த இந்தியத் தரத்தையும், அதுல ஒரு பகுதியைக்கூட, வெளியிடவோ மறுபதிப்பு செய்யவோ கூடாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி வச்சுக்கலாம், அவ்வளவுதான். ஆனா கட்டற்ற உரிமம்னா யார் வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கலாம்னு அர்த்தம். இது ரெண்டும் ஒரே பையில இருக்க முடியாது. அந்தப் பராமரிப்பாளர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி.

ஆனா சட்டம் சரியா? அதைத்தான் கேக்க வந்தேன்.

நம்ம 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்துல பிரிவு 52ன்னு ஒண்ணு இருக்கு. எதையெல்லாம் செஞ்சா உரிமை மீறல் ஆகாதுன்னு பட்டியல் போடுது. அரசிதழ்ல வந்ததை மறுபதிப்பு செய்யலாம். நீதிமன்றத் தீர்ப்பை வெளியிடலாம். ஒரு சட்டத்துக்கோ விதிக்கோ அரசாங்கமே தமிழாக்கம் போடலைன்னா, நீங்களோ நானோ மொழிபெயர்த்து வெளியிடலாம். அருமையான பிரிவு! சட்டம் ஜனங்களுக்குப் புரியணும்னு யாரோ யோசிச்சிருக்காங்க. ஆனா அதே அரசாங்கம் "ஹெல்மெட் ஐஎஸ் 4151 படிதான் இருக்கணும்"னு ஆணை போடுதுன்னு வைங்க. ஆணையைத் தமிழ்ல போடலாம். அந்த 4151ல என்ன எழுதியிருக்குன்னு மொழிபெயர்த்துப் போட்டா குற்றம். இது எந்த ஊர் நியாயம்? கட்டாயமாக்கப்பட்ட தரம்னா அது சட்டத்தோட ஒரு பாதி இல்லையா?

இதை முதல்ல கேட்டது நான் இல்ல. கார்ல் மாலமுட்னு ஒரு அமெரிக்கர், காசு கொடுத்து வாங்கின இந்தியத் தரங்களை ஆயிரக்கணக்குல இணையத்துல ஏத்தினார். அமைவனம் ஒத்துக்கல. அவரும் சுஷாந்த் சின்ஹா, ஸ்ரீநிவாஸ் கோடாலியும் 2015ல டில்லி உயர்நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டாங்க. அப்ப இதெல்லாம் காசுக்கு விக்கிற சரக்கு. இன்னிக்கு இலவசமா இறக்க முடியுது. நல்ல மாற்றம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா விலைச்சீட்டைத்தான் கிழிச்சிருக்காங்க, பூட்டு அப்படியே தொங்குது. அமெரிக்காவுல, சட்டத்துக்குள்ள சேர்க்கப்பட்ட தரங்களை லாபநோக்கம் இல்லாம வெளியிடறது நியாயமான பயன்பாடுதான்னு 2023ல அதே மாலமுட் சம்பந்தப்பட்ட வழக்குல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 மார்ச்ல ஐரோப்பிய நீதிமன்றமும், சட்டத்தோட பகுதியா ஆகிட்ட தரங்களைப் பார்க்க மக்களுக்கு உரிமை உண்டுங்கற பக்கம் சாய்ஞ்சது.

பூட்டுக்கு ஆதரவா ஒரு வாதம் வரும்: "ஆளாளுக்குத் தரத்தைத் திருத்தினா என்னாகும்? ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்னு இருக்கறதை எவனாவது 0.1னு மாத்தி விட்டா?" நியாயமான பயம். ஆனா அதுக்கு மருந்து அதே பிரிவு 11லயே இருக்கு. இந்தியத் தரம்னு ஒரு பொய்த் தோற்றத்தை உண்டாக்கற ஆவணத்தை வெளியிடக் கூடாதுன்னு தனியா ஒரு உட்பிரிவு. அது போதுமே! பேரைப் பூட்டுங்க, வாசகத்தை எதுக்குப் பூட்டறீங்க?

யுனிகோடைப் பாருங்க. நீங்க இதை வாசிக்கற தமிழ் எழுத்தெல்லாம் அந்தத் தரத்தாலதான் திரையில தெரியுது. அதோட தரவுக் கோப்புகளை எடுத்து மாத்தி விநியோகிக்க வெளிப்படையாவே அனுமதி கொடுத்திருக்காங்க. அதனால யுனிகோடு கெட்டுப் போச்சா? இன்னொரு பக்கம், இணையத்தோட ஆதாரமான ஆர்எஃப்சி ஆவணங்களோட வாசகத்தை மாத்தி வெளியிட அனுமதி இல்லைங்கறதுக்காக டெபியன்காரங்க அதைத் தங்களோட 'கட்டற்றது அல்லாத' பகுதிக்குத் தள்ளிட்டாங்க. பிடிவாதம்னு சிலர் திட்டினாங்க. எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிச்சிருக்கு.

அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது. நம்ம பசங்க எழுதற விவரக்குறிப்புகளோட லட்சணம் என்ன? நிரலுக்கு ஜிபிஎல்னு பெருசா எழுதி வைப்பாங்க. கூடவே இருக்கற ஆவணம் யாருது, அதை மாத்தலாமா, ஒரு வரி இருக்காது. எழுதாம விட்டா எல்லாருக்கும் பொதுன்னு நினைப்பு. சட்டப்படி நேர் எதிர். எழுதாம விட்டா எல்லா உரிமையும் எழுதினவனுக்கே. பத்து பேர் சேர்ந்து எழுதினா பத்து பூட்டு. பின்னாடி உரிமம் மாத்தணும்னா பத்து பேரையும் தேடிப் பிடிக்கணும். அதுல ஒருத்தன் வேலைக்குச் சேர்ந்து, ஆபீஸ் வேலையா எழுதிக் கொடுத்திருந்தா, பிரிவு 17படி உரிமை முதலாளிக்குப் போயிருக்கும். விக்கிப்பீடியாவே 2009ல கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாற, பழைய உரிமத்தோட புதுப் பதிப்பு ஒண்ணு அதுக்குன்னே வர வேண்டியிருந்தது. நமக்கு யார் வருவா?

சரி, நண்பன் கதைக்கு வரேன். எண்ணுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதின விதத்துக்குத்தான் உண்டுன்னு உக்கார்ந்து பேசினோம். பிடிஎஃபைத் தூக்கி எறிஞ்சான். நைட்ரேட் 45, குளோரைடு 250, மாற்று நீராதாரம் இல்லைன்னா 1000, கரைந்த திடப்பொருள் 500, மாற்று இல்லைன்னா 2000ன்னு அவனே தன் வரிசையில, தன் வார்த்தையில ஒரு கோப்பு எழுதினான். எந்தத் தரம், எந்த வருஷம்னு குறிச்சு, கோப்பின் தலையில சிசி ஜீரோன்னு போட்டு அனுப்பினான். ஏத்துக்கிட்டாங்க.

ஆனா தண்ணியை எப்படி எடுக்கணும், எப்படிச் சோதிக்கணும்னு ஐஎஸ் 3025 வரிசைன்னு ஒண்ணு இருக்கு, பகுதி பகுதியா. அதைத் தமிழ்ல போட்டா எங்க தெரு அக்காங்களே பாட்டில்ல தண்ணி பிடிச்சு ஒழுங்கா அனுப்புவாங்கன்னு அவனுக்கு ஆசை. அது எண்ணு இல்ல, முழுக்க வாசகம். ரெண்டு பகுதி தமிழாக்கி முடிச்சு வச்சிருக்கான். அனுமதி கேட்டு எழுதப் போறானாம். அதுவரைக்கும் அந்தக் கோப்பு அவன் கம்ப்யூட்டர்ல, சொந்த உபயோகத்துக்கு.