மகப்பேறும் மண்ணும்

ஆடிப்பூரத் திருவிழாவின் நிறைவில், திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயிலில், ஊறி முளைவிட்ட பயறுகளைக் காந்திமதியம்மையின் திருவயிற்றில் கட்டி, அன்னையை நிறைசூலியாக அலங்கரித்து, முளைக்கட்டு வைபவம் நடத்துவார்கள்; வழிபாடு முடிந்து அந்தப் பயறைப் பிரசாதமாக வழங்கும்போது குழந்தை வேண்டி முந்தானையை ஏந்தி நிற்கிற பெண்களின் முகங்களை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்தில் என் ஒன்றுவிட்ட தங்கையின் மகளும் நின்றாள். விவாகமாகி ஏழாண்டுகள் ஆகின்றன. சஷ்டி விரதமிருந்து திருச்செந்தூர் போய்வந்தாள். ஜாதகத்தில் தோஷம் என்றார்கள், பரிகாரம் செய்தாள். ஸ்கேன் என்றும் இரத்தப் பரிசோதனை என்றும் கருக்குழாய்ப் பரிசோதனை என்றும் வைத்தியர்கள் சொன்ன அத்தனைக்கும் வாய்திறவாமல் உட்பட்டாள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, ஆறாவது ஆண்டில்தான், அவள் புருஷனையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள் என்று நான் அறிந்தபோது, வருத்தத்தைக் காட்டிலும் கோபமே என் மனத்தில் மேலோங்கி நின்றது.

பிறப்பு குறைந்துவருகிறது என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இந்நாளில் பேசப்படும்போது இருவேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8, ஜனத்தொகை தன் அளவில் நிலைத்திருக்க வேண்டியது 2.1. இந்தக் குறைவுக்காக நான் வருந்தவில்லை. கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு 1956ஆம் ஆண்டிலேயே பணம் கொடுக்கத் தொடங்கிய ராஜ்யம் இது. பெண்கள் படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, எட்டுப் பெற்று நாலைப் பறிகொடுத்த பாட்டிமாரின் பேத்திமார் ஒன்றோடும் இரண்டோடும் போதுமென்று தாமே முடிவு செய்தார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால், வேண்டாமென்று நிறுத்திக்கொண்டவளும், வேண்டி வேண்டிக் கிடைக்காமல் நிற்பவளும் சர்க்கார் புள்ளிவிவரத்தில் ஒரே எண்ணுக்குள் அடங்கிப்போகிறார்கள். முன்னவளின் சுதந்திரத்தை வியந்து பேசவும் குறைகூறவும் ஆட்கள் உண்டு, பின்னவளின் துயரத்தை எண்ணிப் பார்க்க யாருமில்லை.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் குழந்தையின்மையால் துன்புறுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. காரணங்கள் பல. தாமதமான விவாகம், உடற்பருமன், நீரிழிவு, புகை, மது, நம் நாட்டில் பலருக்குத் தெரியாமலே கருக்குழாயை அடைத்துவிடுகிற காசநோய் என்று வைத்தியர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது என்பதும் அவர்கள் சொல்வதுதான். மலடி என்ற சொல்லை வாய்கூசாமல் வழங்கிய நம் சமூகத்தின் காதில் அதுமட்டும் இன்னும் ஏறவில்லை.

ஆணின் விந்தணுக்களே உலகமெங்கும் குறைந்துவருகின்றனவா என்பது விஞ்ஞானிகளிடையே நெடுநாளாக நடந்துவரும் வாதம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 1973ஆம் ஆண்டுக்கும் 2018ஆம் ஆண்டுக்கும் இடையே அவற்றின் செறிவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று 2022இல் எழுதினார்கள். எண்ணும் முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்கையில் அப்படி முடிவுகட்டலாகாது என்று மறுப்போரும் உண்டு. அந்த வாதம் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், ஒரு குறிப்பிட்ட தொழில், ஒரு குறிப்பிட்ட நஞ்சு, ஆண்களின் சந்தான சக்தியைப் பறித்தது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமான வரலாறு ஒன்று இருக்கிறது. அந்த வரலாறு வாழையைப் பற்றியதாகவும் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாத்ரோப் என்னும் ஊரில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த ஆலையில் வேலை செய்தவர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிப் பேசியே உணர்ந்து, தாங்களே கேட்டு 1977ஆம் ஆண்டு பரிசோதனை செய்துகொண்டார்கள். சிலருக்கு விந்தணு மிகவும் குறைந்திருந்தது. சிலருக்கு அறவே இல்லை. அந்த மருந்து எலிகளின் விரைகளைச் சுருங்கச் செய்கிறது என்று 1961ஆம் ஆண்டிலேயே ஆராய்ச்சியாளர் எழுதி அச்சாகியிருந்தது. பதினாறு ஆண்டுகள் அந்த ஏடு அலமாரியில் கிடந்தது. மனிதரிடம் எவரும் கேட்கவில்லை. 1979இல் அமெரிக்கா பெரும்பாலான பயிர்களுக்கு அதைத் தடைசெய்தது. அதற்குள் கோஸ்டாரிக்கா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்ட ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மலடாகியிருந்தார்கள்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில், கல்யாணப் பந்தலின் வாசலில் குலைவாழை கட்டி, வாழையடி வாழையாய் வாழ்க என்று வாழ்த்துகிற நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், பிசான நெல் அறுத்தபின் பங்குனியில் ஏத்தனும் கதலியும் நடுவதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். கிழங்கின் வேரைச் சீவி, சேற்றுக் குழம்பில் முக்கியெடுத்து, அந்த ஈரத்தின்மேல் நூற்புழுவுக்கான குருணை மருந்தைத் தூவி, குழியில் இறக்குகிறார்கள். கன்றுக்கு 40 கிராம் என்பது கணக்கு. தூவுவது வெறுங்கை. தூவியவன் என் தங்கை மகளின் புருஷன். கையுறை இல்லையா என்று கேட்டேன். “மருந்துதான மாமா, வாய்க்கால்ல கழுவுனா போயிரும்” என்று சிரித்தான். பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் அதை அஞ்ச வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை.

அந்தக் குருணை கார்போபியூரான். டிபிசிபியிலிருந்து வேறான ரசாயனம். அதுதான் அவனுக்குக் குழந்தையில்லாமல் செய்தது என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எவரிடமும் ஆதாரமில்லை. ஆனால், கார்போபியூரான் எலிகளின் விந்தணுக்களைக் குறைக்கிறது என்று நம் நாட்டின் லக்னோ நச்சியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1995ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். கார்போபியூரானின் மற்ற வடிவங்களைத் தடைசெய்த மத்திய சர்க்கார், மூன்று சதவீதக் குருணையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. இன்னொரு பூச்சிமருந்தின் கதையும் இப்படித்தான். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் எழுபதுகளின் பிற்பகுதி முதல் 2000 வரை வானிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே வளர்ந்த சிறுவர்களிடம் பருவமடைதல் தாமதமாவதை ஓர் ஆய்வு 2003இல் எடுத்துக்காட்டியது. உச்சநீதிமன்றத்தின் தடை 2011இல்தான் வந்தது. எலியின் சாட்சிக்கும் மனிதனின் துயரத்துக்கும் இடையே கழிகிற ஆண்டுகளைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன்.

வாழை ஒன்று மட்டுமல்ல. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும், மடியில் சுளவை வைத்துக்கொண்டு காலைமுதல் இரவுவரை பீடி சுற்றுகிற பெண்கள், புகைக்காமலே புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். பீடித் தொழிலாளரின் சிறுநீரில் நிக்கோட்டினின் எச்சம் காணப்பட்டதுண்டு. செங்கற்சூளையில் நெருப்பின் பக்கத்தில் நாளெல்லாம் நிற்கிற ஆணின் உடலில், உட்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருக்க வேண்டிய விரைகளுக்கு அந்தக் குளிர்ச்சி எப்படிக் கிடைக்கும்? இவர்களிடம் எவரேனும் கேட்டதுண்டா?

கேட்பதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கிராம சுகாதாரச் செவிலியரிடமும் தகுதியான தம்பதியர் பதிவேடு ஒன்று உண்டு. யார் கருத்தடை செய்துகொண்டார்கள், யார் இன்னும் செய்துகொள்ளவில்லை என்று குடும்பக் கட்டுப்பாட்டுக்காக எழுதிவந்த ஏடு அது. அதில், ஓராண்டுக்கு மேல் விரும்பியும் கருத்தரிக்காதவர்கள் யார், கணவனும் மனைவியும் என்ன வேலை செய்கிறார்கள், எந்த மருந்தைக் கையால் தொடுகிறார்கள் என்று எழுத இன்னும் சில பத்திகள் சேர்த்தால் போதும். கோடி ரூபாய் வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில், பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல்வரை, ஐந்தாண்டுகளில், எந்த ஊரில் எந்தத் தொழிலில் இந்தத் துயரம் மிகுதி என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். அப்படி எங்கும் மிகுதி இல்லையென்றாலும், அது தெரிவது நல்லதே. விந்துப் பரிசோதனை எளியது, மலிவானது. மனைவியின் முதல் பரிசோதனை நாளன்றே கணவனுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் விதி வகுக்க வேண்டும்.

என் தங்கை மருமகனின் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். விந்தணு குறைவு என்று எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல். என்ன கூலி என்று அவனை எவரும் கேட்கவில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதை நான் எடுத்துச் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, வருகிற பங்குனி நடவில் குருணைச் சட்டியைத் தொடப்போவதில்லை என்றான். அந்தச் சட்டியை அவன் சிற்றப்பா மகன் எடுத்துக்கொள்கிறானாம். அவனுக்கு விவாகமாகி ஆறு மாதம் ஆகிறது.