குழந்தையின் மலச்சிக்கலும் மந்திரக் கயிறும்

குழந்தை மூன்று நாள் வெளிக்குப் போகவில்லையென்றால் நம் வீடுகள் பலவற்றில் முதலில் தேடப்படுகின்றவர் வைத்தியரல்ல, கயிறு மந்திரிக்கின்றவரேயாவார். மாந்தம் என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். தீட்டுக்காரியின் நிழல் பட்டதென்பார் இன்னொருவர். பெண்ணின் நிழல் பட்டுக் குடல் அடைக்குமானால் அக்குழந்தை பத்து மாதம் எங்கே இருந்ததென்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டரை வயதுக் குழந்தை ஐந்து நாளாக மலங்கழியாமல் அழுதது. பூசாரி 101 ரூபாய் வாங்கிக் கயிறு கட்டினார். அன்றிரவே பாட்டியம்மாள் விளக்கெண்ணெயும் புகட்டினார். விடிந்ததும் மலம் இறங்கிற்று. புகழ் யாருக்கு? கயிற்றுக்கு! இறங்காதிருந்தால் பழி யாருக்கு? குழந்தையின் ஜாதகத்துக்கு! நஷ்டமே இல்லாத வியாபாரம் இது. பத்தாம் நாள் மறுபடியும் அடைத்துக் கொண்டது. கயிறு என்னவோ இடுப்பில் அப்படியேதான் இருந்தது.

நிற்க, உண்மையைப் பார்ப்போம். ஒருநாள் மலம் கெட்டியாகப் போய் ஆசனவாய் எரிகின்றது. வலித்த காரியத்தை மறுபடியும் செய்யக் குழந்தை மறுக்கின்றது. (அந்த அளவு புத்தி பெரியவர்களுக்கு இருந்தால் இரண்டாம் கயிறு வாங்கமாட்டார்கள்.) காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நின்று, முகம் சிவக்கின்றது. முக்குகின்றதென்று நினைக்கின்றோம், அதுவோ அடக்குகின்றது! அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக் கொண்டேயிருப்பதால் அது இன்னும் இறுகி, அடுத்தமுறை இன்னும் வலிக்கின்றது. இந்தச் சக்கரத்தில் சனீஸ்வரனுக்கு எங்கே இடம்? சிலருக்கு அடைத்த கட்டியைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதைப் பேதியென்று எண்ணி மலத்தைக் கட்ட மருந்து கொடுப்பாரும், கொழுப்பென்று அடிப்பாரும் உண்டு.

வெற்றிலைக் காம்பையும் சோப்புத் துண்டையும் செருகுவதால் பயந்த குழந்தை மேலும் பயப்படுவதன்றி வேறு பலனில்லை. சோறு வேண்டாமென்றால் பால், அழுதால் பால் என்று ஊற்றுவதை நிறுத்தி, நாளைக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் பார்த்து, கீரை, பருப்பு, கொய்யா, பப்பாளி, தண்ணீர் கொடுக்க வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் தானே அசையுமாதலால் அப்பொழுது ஐந்து நிமிஷம், பாதம் ஊன்றும்படி உட்கார வைக்கவேண்டும். கட்டி சேர்ந்துவிட்டால் வைத்தியர் லாக்டுலோஸ் அல்லது பாலிஎதிலீன் கிளைக்கால் கொடுப்பார். இரண்டு நாளில் நிறுத்தினால் பழைய கதையே. வலியின் ஞாபகம் மறையும் வரை, பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் பெண்கள் சமாச்சாரமென்று திண்ணையில் உட்கார்ந்து சமத்துவம் பேசும் தோழர்களையும் நாம் அறிவோம். குழந்தை கழுவ அழைத்தால் அவர்களுக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிடும்!

கயிற்றால் வரும் பெரிய கேடு வேறு. பிறந்து 48 மணிக்குள் கருமலம் போகாதிருந்து, பிறகு வயிறு உப்பி, பச்சையாக வாந்தியெடுத்து, எடை கூடாத குழந்தைக்குக் குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்களே பிறவியிலிருந்து இல்லாதிருக்கலாம். கோபன்ஹேகன் வைத்தியர் ஹிர்ஷ்பிரங் 1886ல் எடுத்துக்காட்டிய நோய் இது. 1948ல் ஸ்வென்சன் இதற்கு அறுவை முறை வெளியிட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கக்கூடிய சிசுவுக்கு, பூசாரி நல்ல நாள் பார்க்கும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு ஆபத்து.

மேற்சொன்ன வீட்டுக் குழந்தைக்கு அந்நோயில்லை. நான்கு மாத மருந்தில் குணமாகிவிட்டது. கயிறு இற்று விழுந்துவிட்டதாம். அதற்கும் பூசாரி ஒரு காரணம் சொல்லியிருக்கின்றாராம்.