நடந்து பெற்ற உரிமை

விடுதலைப் போராட்டத்தை ஒரு தலைவரின் வாழ்க்கையாகவோ ஒருநாள் நிகழ்ச்சியாகவோ சுருக்கிச் சொல்வது எளிது. அவ்வாறு சுருக்கும்போது, போராட்டத்தைத் தோளில் சுமந்த எளிய மக்கள் மறைந்துபோகின்றனர். அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில் நிகழ்ந்த பேருந்துப் புறக்கணிப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

விதை ஊன்றியோர்

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், தென்மாநிலங்களில் பள்ளி, உணவகம், பேருந்து என எங்கும் ஆப்பிரிக்க அமெரிக்கர் பிரித்தே வைக்கப்பட்டனர். மாண்ட்கோமரிப் பேருந்துகளில் முன்வரிசை இருக்கைகள் வெள்ளையர்க்கே உரியனவாக இருந்தன. அவை நிரம்பிவிட்டால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கறுப்பினத்தவரும் எழுந்து இடம்விட வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் எழ மறுத்துக் கைதானார். வேலைக் களைப்பால் எழாதிருந்த தையற்கலைஞர் என்றே பலரும் அவரை அறிவர். அவரோ பன்னிரண்டு ஆண்டுகளாக உரிமை இயக்கத்தில் உழைத்து வந்தவர். அவர் கைதாவதற்கு ஒன்பது திங்களுக்கு முன்னரே, கிளாடெட் கால்வின் என்னும் 15 வயதுப் பள்ளி மாணவி அதே நகரில் எழ மறுத்துக் கைவிலங்கிடப்பட்டார்.

நகரம் நடந்தது

பார்க்ஸ் கைதான இரவிலேயே, கல்லூரிப் பேராசிரியர் ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். வீட்டுவேலை செய்யும் பெண்களும் கூலித் தொழிலாளரும் நெடுந்தொலைவு நடந்தனர். மகிழுந்து வைத்திருந்தோர் பிறரையும் ஏற்றிச் சென்றனர். ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்கலைஞர் உணவு சமைத்து விற்று இயக்கத்திற்குப் பொருள் திரட்டினார். தலைமையேற்ற மார்ட்டின் லூதர் கிங்கின் இல்லத்தில் வெடிகுண்டு வீசப்பட்டது, பலர் கைதாயினர். ஆயினும், 381 நாள்கள் மக்கள் தளரவில்லை.

பேருந்துகளில் இனப் பாகுபாடு அரசமைப்புக்கு முரணானது என்னும் தீர்ப்பை 1956 நவம்பரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அவ்வழக்கில் வாதிகளாக நின்ற பெண்கள் நால்வருள் கால்வினும் ஒருவர். இளம்பெண் என்று எண்ணி இயக்கத்தினர் முன்னிறுத்தத் தயங்கிய அவரே, நீதிமன்றத்தில் துணிந்து சான்றுரைத்தார்.

நினைவும் நீதியே

தலைவரின்றி இத்தனை பேரை ஒன்றுதிரட்ட இயலுமா என்னும் வினா எழலாம். 26 வயதே நிரம்பிய கிங்கின் சொல்லாற்றல் மக்களுக்கு ஊக்கமளித்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அச்சொல்லைச் செயலாக்கியவை பெயரறியாதோரின் கால்களே. மாமனிதர் மட்டுமே வரலாறு படைப்பர் என்று நம்பும் சமூகம், அநீதியைக் கண்டும் ஒருவரது வருகைக்காகக் காத்திருக்கும். கால்வின்களையும் கில்மோர்களையும் அறிந்த சமூகம் காத்திராது. ஆகவே, மறக்கப்பட்டோரை நினைவில் நிறுத்துவது நன்றிக்கடன் மட்டுமன்று. அதுவும் நீதிக்கான போராட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.