ஆடிட்டருக்கு எதுக்கு எருமைத்தோல்?

பி.காம். படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வழிகாட்டுகிறேன் என்று யார் மைக்கைப் பிடித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். சி.ஏ. கஷ்டம், ஆர்ட்டிகிள்ஷிப் அதைவிடக் கஷ்டம், பெரிய கம்பெனி ஆடிட் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அதனால் தம்பி தங்கைகளே, ரெசிலியன்ஸை வளர்த்துக்கொள்ளுங்கள்! அதாவது, அடி வாங்கினாலும் எழுந்து நிற்கிற மன உறுதி. தியானம் பண்ணு, காலையில் ஓடு, எதையும் பாசிட்டிவாக எடுத்துக்கொள். அடிக்கிறது யார், எதுக்கு அடிக்கிறார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு இந்த உபதேசமே பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கொச்சியைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர், 2023 நவம்பரில் சி.ஏ. முடித்தவர், 2024 மார்ச்சில் புனேயில் இ.ஒய். நிறுவனத்தின் ஆடிட் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நாலே மாதத்தில், ஜூலையில், இறந்துபோனார். இரவும் ஞாயிறும் வேலை, மூச்சு விட நேரமில்லை என்று அவருடைய அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்து நாடே பேசியது. வேலைப்பளுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. நான் டாக்டர் இல்லை, அதற்குள் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். அதே செப்டம்பரில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசினார். எவ்வளவு பெரிய வேலைக்குப் போனாலும் அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் சொல்லித்தர வேண்டும், தெய்வ நம்பிக்கையால்தான் அது வரும் என்கிற அர்த்தத்தில். எதிர்ப்பு கிளம்பியதும், அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்குக் குடும்பமும் கல்லூரியும் துணை நிற்க வேண்டும் என்றுதான் சொன்னேன் என்று விளக்கமும் கொடுத்தார். சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் குடும்பம், கல்லூரி, தெய்வம் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்த அந்தப் பட்டியலில் முதலாளியைக் காணோமே?

அந்த முதலாளியின் லட்சணம் என்ன? மகாராஷ்டிர தொழிலாளர் துறை அந்த புனே அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தபோது, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி இருக்க வேண்டிய பதிவு இல்லாமலே 2007 முதல் அது நடந்துவந்தது தெரிந்தது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைக்கிற சட்டம் அது. ஊரார் கணக்கெல்லாம் சட்டப்படி இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ் மக்களே!

நிற்க. ஆடிட்டிங் பேப்பரில் நாம் மனப்பாடம் பண்ணின 1896 கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல. சரி, காவல் நாய் என்றே வைத்துக்கொள்வோம். குரைக்காமல் இருக்கப் பழக்கின காவல் நாயை யாராவது வளர்ப்பார்களா? ஆடிட்டருக்கு இருக்க வேண்டிய முதல் குணம் சந்தேகம் என்று தணிக்கைத் தரங்களே சொல்கின்றன. சொந்த ஆபீஸில் "ஏன் சார் ராத்திரி பதினோரு மணி வரைக்கும்?" என்று கேட்க விடாமல் மூன்று வருடம் பழக்கிய பையன், கிளையண்ட் ஆபீஸில் ஃபைனான்ஸ் டைரக்டரைப் பார்த்து "இந்த வவுச்சர் எங்கே?" என்று கேட்பானா?

சத்யம் கதையைப் பாருங்கள். 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டபோது, கணக்கில் காட்டியிருந்த ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. வங்கிக்கு நேரடியாகக் கடிதம் அனுப்பி நேரடியாகப் பதில் வாங்குவது நம் சிலபஸிலேயே இருக்கிற பாடம். பி.டபிள்யூ.சி. ஆடிட்டர்கள் அந்தக் கடிதங்களை சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று 2011-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சொன்னது. அங்கே குறைந்தது தாங்கும் சக்தியா? ஒரு ஆள் எழுந்து "நான் நேரா பேங்குக்குப் போறேன்" என்று சொல்லியிருந்தால் போதும்.

எங்கள் கூட்டேரிப்பட்டு, மயிலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரெசிலியன்ஸ் வகுப்பு எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று, நிற்காமல் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டி, படிக்கட்டில் தொங்கி, லீவு நாளில் கழனி வேலைக்கும் போய்விட்டு பரீட்சை எழுதுகிறவர்கள். தாங்குவதில் டாக்டர் பட்டமே கொடுக்கலாம். நமக்கு இல்லாதது பெரியவர் முன்னால் வாயைத் திறந்து கேள்வி கேட்கிற பழக்கம். "அனுசரிச்சிப் போப்பா" என்று வீட்டிலும் சொல்லி, வழிகாட்டியும் அதையே ஆங்கிலத்தில் சொன்னால் எப்படி?

சீசன் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். உண்மை. செப்டம்பர் 30 டேக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும்போது வீட்டுக்குப் போக முடியாதுதான். கரும்பு வெட்டுக்கும் சீசன் உண்டு, தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்கும் உண்டு. ஆனால் சீசன் என்றால் முடிய வேண்டும். பன்னிரண்டு மாதமும் சீசன் என்றால் ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம். அதை நம் தூக்கத்தை வைத்து ஈடுகட்டுகிறார்கள்.

சி.ஏ. இன்ஸ்டிடியூட் விதியின்படி ஆர்ட்டிகிள் மாணவருக்கு வாரத்துக்கு 35 மணி நேரம் வேலை. எத்தனை பேருக்கு இது தெரியும்? இரண்டு வருடமாகக் குறைத்த புதுத் திட்டத்தில் முதல் வருடக் குறைந்தபட்ச உதவித்தொகை சென்னையில் மாதம் 4000 ரூபாய், விழுப்புரம் மாதிரி ஊர்களில் 2000. இந்தக் காசுக்குத்தான் இத்தனை மன உறுதியும் கேட்கிறார்கள்.

ஆகவே சேருவதற்கு முன்னால் தியானம் அப்புறம். அந்த ஆபீஸில் இப்போது இருக்கிற ஆர்ட்டிகிளை டீக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு கேள்வி கேளுங்கள். போன செப்டம்பரில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்? டிசம்பரில் எத்தனை மணிக்கு? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த ஆபீஸைப் பாருங்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஆடிட்டர் போர்டுக்குப் பஞ்சமில்லை.