மலைமேல் ஒரு குளம்

சித்திரை பிறந்துவிட்டால் கரிவலம்வந்தநல்லூரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, கொடைக்கானல் எப்போ?" போகிறீர்களா என்று கேட்பதில்லை. போவது தீர்மானமான விஷயம்; தேதிதான் பாக்கி. போகாதவன் கஞ்சனாக இருக்கவேண்டும், அல்லது கடன்காரனாக. கடன்காரனும் இன்னொரு கடனை வாங்கிக்கொண்டு மலையேறிவிடுவதால் மிஞ்சுகிறவன் கஞ்சன்தான். அந்தப் பட்டத்துக்குப் பயந்து நானும் குடும்பத்தோடு போய்வந்தேன்.

மலையின் குளிரைப் பழிக்க நான் யார்? அது சுகமாகவே இருந்தது. என் சண்டையெல்லாம் அங்கேயுள்ள ஏரியைப் பார்த்து நாம் வாய்பிளந்து நிற்பதோடுதான்.

அந்த ஏரி ஆதிகாலந்தொட்டு அங்கே கிடப்பதல்ல. 1863-ல், மதுரையில் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற துரை ஓடையை மறித்துக் கரை போட்டார், தண்ணீர் தேங்கிற்று. தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்து மிதக்கவிட்டார். அவ்வளவுதான் கதை. ஓடையை மறித்துக் கரை போட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் குளம். பாண்டியர் காலத்திலிருந்து நாம் செய்துவந்த காரியம்! துரை செய்தால் அது 'லேக்'. நம் பாட்டன் செய்தால் குப்பைமேடு, சீமைக்கருவேலங் காடு.

கோடையில் குளம் வற்றாதா என்பீர்கள். வற்றும். எங்கள் குளங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. சித்திரையில் வெடித்துக் கிடப்பது அவற்றின் குற்றமல்ல. ஆனால் அந்த மழைக்கு முன்னால் வரத்துக்கால் வெட்ட வேண்டாமா? வண்டல் அள்ள வேண்டாமா? தரை காய்ந்து கிடக்கும் சித்திரையும் வைகாசியும்தான் அதற்குத் தோதான மாதங்கள். குடிமராமத்து என்று முன்னோர் வைத்திருந்தது இதற்காகத்தான். அந்த இரண்டு மாதமும் கையில் நாலு காசு உள்ளவர்களெல்லாம் மலைமேல் மிதிபடகு மிதித்துக்கொண்டிருக்கிறோம். ஆவணித் தபசுக்குப் பால்வண்ணநாதர் கோயிலில் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் நிட்சேப நதியை எட்டிப் பார்த்திருப்போம்?

மலையும்தான் எத்தனை பேரைத் தாங்கும்? உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி ஏறக்கூடாது என்றாயிற்று. 2025 கோடையில் நாளைக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று கணக்கே போட்டுவிட்டார்கள். விருந்தாளியை எண்ணி உள்ளே விடுகிற வீட்டுக்கு ரோஷமுள்ளவன் போவானா? நான் போனேன். பாஸ் கிடைத்ததைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

ஏரிக்கரையில் என் இளைய பையன், "அப்பா, இந்தக் குளத்திலே முங்கு நீச்சல் அடிக்கலாமா?" என்றான். "சத்தம் போடாதடா, இது குளமில்லை, லேக்கு" என்று அவன் அம்மா வாயைப் பொத்தினாள். அந்தக் கூட்டத்தில் உண்மை பேசியவன் அவன் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் காரை நிறுத்தச் சொன்னேன். பையன் கதவைத் திறந்தான்.

"இறங்காதே, நாறும்" என்றாள்.