நள்ளிரவுப் பாடலும் விடியற்காலை வழக்கும்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாத மாலையில், நாங்கள் ஏழெட்டுக் குடும்பத்தார் அன்பியக் கூட்டத்திற்குக் கூடியிருந்தோம். செபமாலை முடிந்து இறைவார்த்தை வாசிக்கப்பட்டது. எப்போதும் மகிழ்ந்திருக்கவும், இடைவிடாது செபிக்கவும், எந்நிலையிலும் நன்றி கூறவும் பவுலடியார் தெசலோனிக்க மக்களுக்கு எழுதிய அறிவுரைதான் அன்றைய வாசகம்.

பகிர்வு நேரத்தில், ஏலத்தோட்டத்திற்குக் காய் எடுக்கப் போகும் தாய் ஒருவர் எழுந்தார். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, நான்கு மாதம் வேலையின்றி வீட்டில் கிடந்தவர். "வாத்தியாரய்யா, நான் சாமிக்கு நன்றி சொல்லாம படுத்த நாளே கெடையாது. ஆனா கால் ஒடிஞ்சதுக்கும், அந்த நாலு மாசம் பிள்ளைக அரைவயிறும் கால்வயிறுமாக் கெடந்ததுக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியலையே" என்றார்.

அங்கிருந்தோரில் ஒருவர் சட்டென்று மறுமொழி கூறினார்: "முறுமுறுக்காதீங்கம்மா. முறுமுறுப்பு ஆசீர்வாதத்தைத் தடுத்துடும். கால் ஒடிஞ்சதுக்கே நன்றி சொல்லுங்க. ஆண்டவர் இரட்டிப்பாத் தருவாரு." எல்லாரும் 'ஆமென்' என்றோம். அந்தத் தாய் பேசாமல் அமர்ந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அன்று அறிவுரை சொன்னவர் வேறு யாருமல்லர். இதை எழுதும் நான்தான். ஆகவே, இக்கட்டுரையில் என் வழக்கு முதலில் என்னோடு. பிறகு என்னைப்போல் பேசும் அனைவரோடும்.

நன்றியா, வாய்ப்பூட்டா?

அண்மைக் காலமாக நம்மிடையே ஒரு போதனை பரவி வருகிறது. நன்றி சொன்னால் கதவு திறக்கும், துதித்தால் கடன் தீரும், கண்ணீர் சிந்தினால் விசுவாசக் குறைவு என்கிறது அது. மேடைகளில் தொடங்கிய இப்பேச்சு, ஒலிநாடாக்கள் வழியாகவும், பின்னர் தொலைக்காட்சி வழியாகவும், இன்று கைப்பேசி வழியாகவும் நம் அன்பியங்களுக்குள் நுழைந்துவிட்டது. நன்றி என்பது அன்பின் மொழி. அதை வட்டிக்கு விடும் முதலாக மாற்றிவிட்டோம்.

இன்னொரு போதனை இதைவிடப் பழையது. துன்பம் கடவுள் தந்த சிலுவை. வாய்திறவாமல் சுமப்பதே புண்ணியம் என்பது அது. பெரும்பாலும் சுமக்காதவர்களே சுமப்பவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். முன்னது ஏழையின் கண்ணீரைப் பாவமாக்குகிறது. பின்னது அவருடைய காயத்தைக் கடவுளின் கையெழுத்தாக்குகிறது. இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றே: ஏழையின் வாய்க்குப் பூட்டுப் போடுவது.

ஏலமலையில் வைத்துப் பார்ப்போம்

இப்போதனைகளை நம் மலைச்சரிவில் நிறுத்திப் பார்த்தால் அவற்றின் பொய்மை வெளிப்படும். விடியுமுன்னே சோற்றுத் தூக்கோடு நம் ஊர்ப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். ஏலக்காய் உயரக் கிளையில் காய்ப்பதன்று. செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு தரையாக ஓடும் சரங்களில் காய்ப்பது. ஆகவே நாள் முழுதும் குனிந்தே எடுக்க வேண்டும். மழையும் அட்டையும் அவர்களுடைய உடன் வேலையாட்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அன்று போடியில் எத்தனை நன்றி வழிபாடுகள்! இரண்டே ஆண்டுகளில் விலை ஆயிரத்தை ஒட்டி வீழ்ந்தது. விலையேற்றம்தான் ஆசீர்வாதம் என்றால், விலை சரிந்தபோது ஆண்டவர் நம்மைக் கைவிட்டாரா? விலை உச்சத்தில் நின்றபோதும் காய் எடுத்தவரின் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லையே. அவருக்கு மட்டும் விசுவாசம் குறைவா? ஏலச்சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கடவுளின் திருவுளமாக வாசிக்கும் இறையியலை நற்செய்தியில் எங்கே தேடுவது?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது, அச்சத்தால் நம் தொழிலாளர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தனர். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக எல்லை அடைக்கப்பட்டது, அடுப்பு எரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும். அந்தச் சேற்றின் முன்னே நின்று, 'இதற்காக நன்றி சொல்லுங்கள்' என்று கூற நம்மில் எவருக்கேனும் நா எழுமா? அங்கே எழாத சொல், அன்பியத்தில் அந்தத் தாயின் முன் எனக்கு எளிதாக எழுந்தது. அவருடைய துன்பம் சிறியது என்று நான் எண்ணியதே காரணம்.

பிலிப்பியில் ஓர் இரவு

நாம் அடிக்கடி சான்று காட்டும் பவுலடியாரையே கேட்போம். நம் முன்னோர் சின்னப்பர் என்று அழைத்த அவர் அவ்வறிவுரையைப் பஞ்சணையில் சாய்ந்துகொண்டு எழுதவில்லை. பிலிப்பி நகரில் தாம் பட்ட துன்பத்தையும் இழிவையும் அதே திருமுகத்தில் நினைவுகூர்கிறார். அங்கு நடந்தது என்ன? திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். குறிசொல்லித் தன் எசமானர்களுக்குப் பொருள் ஈட்டித் தந்த அடிமைப் பெண் ஒருத்தியைப் பவுல் விடுவித்தார். வருமானம் போயிற்றே என்று வெகுண்ட எசமானர்கள் பவுலையும் சீலாவையும் இழுத்துச் சென்றனர். விசாரணையே இன்றித் தடியடி, உட்சிறை, கால்களில் தொழுமரம். அந்த நள்ளிரவில் இருவரும் செபித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இதுவரை நாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். நிலநடுக்கத்தையும் சிறைக் காவலரின் மனமாற்றத்தையும் சொல்லிப் பிரசங்கம் முடிந்துவிடும். ஆனால் அதிகாரம் அங்கே முடியவில்லை. பொழுது விடிந்ததும், 'அவர்களைப் போகவிடு' என்று நடுவர்கள் ஆளனுப்பினார்கள். பவுல் போகவில்லை! உரோமைக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் ஊரறிய அடித்துவிட்டு, இப்போது யாரும் அறியாமல் அனுப்புவதா, அவர்களே நேரில் வரட்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி வந்து, வேண்டிக்கொண்டு, வெளியே அழைத்துச் சென்றார்கள்.

நள்ளிரவில் பாடிய வாய்தான் விடியற்காலையில் வழக்கும் உரைத்தது. பாடியதால் அவர் வழக்கைக் கைவிடவில்லை. வழக்குரைத்ததால் பாடல் பொய்யாகிவிடவுமில்லை. நாமோ ஏழைக்கு நள்ளிரவைக் கொடுத்துவிட்டு, விடியற்காலையை அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் எல்லாவற்றிற்காகவும் நன்றி செலுத்தச் சொல்லியிருக்கிறதே' என்று விவிலியம் அறிந்த வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சொல்லுக்கு முந்தின வரியைப் பாருங்கள்: திருப்பாடல்களைப் பாடும்படி அங்கே கூறப்படுகிறது. அந்த 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்! 88-ஆம் திருப்பாடல் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. இன்றும் இரவுச் செபத்தில் அதைச் சொல்கிறது. பவுலும் தம் உடலில் தைத்த முள்ளுக்காக உடனே நன்றி கூறிவிடவில்லை. அதை நீக்கும்படி மும்முறை மன்றாடினார். அழுவாரோடு அழச் சொன்னவரும் அவரே. 'அழாதே' என்று அதட்டச் சொல்லவில்லை.

அத்திமரம் துளிர்க்காவிடினும், வயல் விளையாவிடினும், தொழுவத்தில் மந்தை இல்லாதொழியினும் ஆண்டவரில் களிகூர்வேன் என்ற பொருளில் பாடியவர் அபக்கூக்கு. அவருடைய நூல் அந்தப் பாடலோடு தொடங்கவில்லை. எத்துணைக் காலம் நான் கூக்குரலிட, நீர் கேளாதிருப்பீர் என்னும் முறையீட்டோடு தொடங்குகிறது. முறையிட்டவர்தான் களிகூர்ந்தார். யோபுவின் நண்பர்களும் என்னைப்போல் அழகாகவே அறிவுரை சொன்னார்கள். இறுதியில் கடவுளின் கண்டனத்தைப் பெற்றவர்கள் அவர்கள்தாம், புலம்பிய யோபு அல்லர்.

ஏழையின் மகிழ்ச்சியை ஏளனம் செய்வோர்க்கு

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தாருக்கும் ஒரு சொல். 'ஏழையின் செபம் வெறும் மயக்கம். உரிமை கிடைத்தபின் மகிழலாம்' என்பார் உளர். அவர்கள் மாலையில் மலையிறங்கும் ஜீப்பில் ஒருநாள் பயணம் செய்யட்டும். நாளெல்லாம் குனிந்த அப்பெண்கள் கேலி பேசிச் சிரிப்பதையும், மாதா பாட்டுப் பாடுவதையும் கேட்கட்டும். அச்சிரிப்பு யாரும் இரங்கிக் கொடுத்ததன்று. கூலி உயரும் நாள்வரை காத்திருக்கும் கடனும் அதற்கு இல்லை. இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவிலேயே அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி கூறினார். யூதாசின் செயலுக்காக அன்று, தந்தையின் கொடைக்காக. நாம் நற்கருணை என்று அழைப்பதன் கிரேக்கப் பெயருக்கே நன்றி செலுத்துதல் என்பதுதான் பொருள். ஒவ்வொரு திருப்பலியும் துன்பத்தின் நடுவே செலுத்தப்படும் நன்றி.

2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட நம் பொதுநிலையினர் தேவசகாயத்தையும் எண்ணுவோம். 1749-இல் கைதாகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படும்வரை அவர் பட்ட இழிவுகள் கொஞ்சமல்ல. அனைத்தையும் செபத்தோடு பொறுத்தார். ஆனால் விசுவாசத்தை விட்டுவிட்டால் விடுதலை என்றபோது இணங்கவில்லை. எல்லாரையும் சமமாக நடத்திய பழக்கத்தையும் அவர் கைவிட்டதில்லை. அவருடைய பொறுமைக்கு முதுகெலும்பு இருந்தது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984-இல் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், நல்ல சமாரியரின் உவமையை விளக்குகிறார். துன்பத்தைக் கொண்டு நன்மை செய்வதையும், துன்புறுவோர்க்கு நன்மை செய்வதையும் கிறிஸ்து ஒருசேரக் கற்பித்தார் என்பது அவர் கருத்து. முதல் பாதியை ஏழைக்குப் போதித்துவிட்டு இரண்டாம் பாதியை நாம் மறந்தால், அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்து, 'நன்றி சொல்' என்று கூறிவிட்டு விலகிப்போன குருவும் லேவியருமே நாம்.

ஆகவே அன்பர்களே, நம் அன்பியங்களில் ஒரு வழக்கத்தைத் தொடங்குவோம். நன்றிக்கு நேரம் ஒதுக்குவதுபோல் முறையீட்டுக்கும் நேரம் ஒதுக்குவோம். முறையிட்டவர்க்கு அங்கேயே அறிவுரை கூறாதிருப்போம். அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா, மருத்துவச் செலவுக்கு என்ன வழி, விபத்துக்கு ஈட்டுத்தொகை கேட்க யார் துணை செல்வது என்பதைக் கூட்டம் கலையுமுன் முடிவு செய்வோம். தோட்டத் தொழிலாளர்க்குக் குடிநீரும் மருத்துவமும் குழந்தைகள் காப்பகமும் வேண்டுமென்று நம் நாடு 1951-லேயே சட்டம் இயற்றியது. அவற்றைக் கேட்பது முறுமுறுப்பு ஆகாது.

நான் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க வாத்தியாரய்யா" என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஈட்டுத்தொகைக்கு மனு எழுதலாமா என்றேன். முறிந்த காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். நான் தாளை எடுத்தேன். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிருவோம்யா" என்றார் அவர். சொன்னோம். பிறகு எழுதினோம்.